ஆப் வேண்டாம் ஆச்சி, ஒரு நோட்டு போதும்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலா வருபவர்கள் தங்கும் இடமாக நடத்துகிறேன். வயது 61. 2020-இல் எங்கள் சமையற்காரருக்குக் கொரோனா வந்தபோது அவர் பெயர், வயது, தெரு, போன் நம்பர் எல்லாம் அன்று ராத்திரியே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. அவர் குணமாகி வந்த பிறகும் அந்த வீட்டுக்கு மாதக்கணக்கில் யாரும் பால் ஊற்றவில்லை. இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பி மகன், "அடுத்த தொற்று வந்தால் நாம் தயாராக இருக்கணும் அயித்தை" என்று ஒரு யோசனை சொல்கிறான். தங்க வருபவர்கள், வேலையாட்கள் எல்லார் போனிலும் ஒரு செயலியைப் போட்டுவிட்டால், யார் யாரோடு எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அதுவே குறித்துக்கொள்ளுமாம். "அதைப் போடச் சொன்னால் நான் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்" என்கிறார் சமையற்காரர். மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு இதில் என்ன பயம்? அப்புறம், அந்த நாளில் ஆரோக்ய சேதுவில் நான் கொடுத்த விவரமெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? பழைய போன் இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது.

வாசகி, கானாடுகாத்தான்

பதில்:

அன்புள்ள ஆச்சி,

உங்கள் சமையற்காரர் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது. ப்ளூடூத் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒருவருடைய விவரம் கை மாறினால் வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்பது உங்கள் தம்பி மகனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பட்டவர்.

அவர் பெயரை வெளியே விட்டது எந்தச் செயலியும் இல்லை, ஒரு மனிதர்தான் என்பதையும் கவனியுங்கள். எப்படி விட்டிருப்பார் என்று என்னால் சொல்ல முடியும். நான் தொழிலால் தகவல் பாதுகாப்பு ஆலோசகன். 2020 மார்ச்சில் நான்கு நாள் லீவில் தேவகோட்டைக்கு வந்தவன், ஊரடங்கில் மாட்டிக்கொண்டேன். சும்மா இருப்பானேன் என்று, தொற்று வந்தவர்களிடம் போனில் விசாரிக்கும் தன்னார்வலர் குழுவில் சேர்ந்தேன். அறிகுறி தெரிவதற்கு 2 நாள் முன்னாலிருந்து யார் யாரைப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில், மாஸ்க் போட்டிருந்தீர்களா என்று கேட்டு எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஒருவர், வயது ஐம்பதுக்குள், "வீட்டுக்காரி, ஆத்தா, வேறு யாரும் இல்லை தம்பி" என்று முடித்துவிட்டார். நானும் எழுதிக்கொண்டேன். ஐந்தாம் நாள் அடுத்த தெருவில் மூன்று பேருக்குத் தொற்று. விசாரித்தால், நான்கு பேரும் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து தினமும் சீட்டாடியிருக்கிறார்கள். சாவி வாட்ச்மேனிடம். திரும்பக் கூப்பிட்டு, ஏன் அண்ணே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அவங்க பேரும் அன்னைக்கே குரூப்ல வந்திருக்குமே" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஏனென்றால் அவர் பெயர் வந்த படத்தை நானும் பார்த்திருந்தேன். ஏதோ ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் திரையை யாரோ செல்போனில் பிடித்த படம். திரையில் டியூப்லைட்டின் வெளிச்சம் குறுக்கே கோடு போட்டிருந்தது. ஓரத்தில் படம் எடுத்தவரின் கட்டைவிரல் நிழல். எக்செல் பட்டியலில் 14-ஆவது வரிசை இவர்.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இன்று என்னிடம் ஆலோசனை கேட்கும் மருத்துவமனைகளுக்கும் சொல்கிறேன். தொற்றைத் தேடிப் போவது என்பது அடிப்படையில் ஆட்களை வாய் திறக்க வைக்கும் வேலை. சொன்னது வேறெங்கும் போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் வாய் திறக்கும். தனியுரிமை ஒரு பக்கம், பொதுச் சுகாதாரம் இன்னொரு பக்கம், எது முக்கியம் என்று தராசில் வைத்துப் பேசுகிறவர்கள் அந்தச் சீட்டாட்ட வீட்டைப் பார்த்ததில்லை. ஒரு பட்டியல் கசிந்ததில் நாங்கள் இழந்தது ஐந்து நாள்.

"மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சமையற்காரர் எதை மறைத்தார்? ஒன்றும் இல்லையே. பால் மட்டும் வரவில்லை. வீட்டு வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் ஸ்டிக்கரும் இதே கதைதான். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் நோயாளியின் வீட்டில் அப்படி நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று சொன்னது. அதற்குள் எத்தனையோ கதவுகளில் ஒட்டிக் கிழித்தாகிவிட்டது.

இனி ஆரோக்ய சேது. 2020 ஏப்ரல் 2 அன்று வந்தது. தொற்று வந்தவரோடு யார் யார் இருந்தார்கள் என்று தேட, மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் கொண்டுவந்த செயலி. 20 கோடிப் பேருக்கு மேல் இறக்கினார்கள். பெயர், போன் நம்பர், வயது, ஆணா பெண்ணா, தொழில், கடந்த 30 நாளில் எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று முதலில் கேட்டது நினைவிருக்கும். அவை சர்வருக்குப் போயின. பக்கத்தில் வந்த போன்களின் அடையாளமும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் இருந்த இடமும் உங்கள் போனிலேயே கிடந்தன. உங்களுக்குத் தொற்று உறுதியானாலோ, அது கேட்ட கேள்விகளுக்கு நீங்கள் சொன்ன பதில் சந்தேகத்துக்கு இடம் தந்தாலோதான் அவை மேலே போகும். போனில் இருப்பது 30 நாளில் அழியும். மேலே போனது, தொற்று இல்லாதவருக்கு 45 நாளில், வந்தவருக்குக் குணமாகி 60 நாளில் அழியும் என்று அதன் தனியுரிமைக் கொள்கை சொன்னது. மே 11 அன்று அரசு தனியாக ஒரு நெறிமுறை வெளியிட்டு, பொதுவாக 180 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்றது. 2021 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஆட்களின் உடல்நலத் தகவலை அவர்களுடைய சம்மதம் இல்லாமல் மற்ற அரசுத் துறைகளுக்குத் தரக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. 2023 பிப்ரவரியில் அரசு மக்களவையில், தொடர்பு தேடும் வசதியை நிறுத்தியாகிவிட்டது, அதில் சேர்ந்த தரவையும் அழித்தாகிவிட்டது என்று பதில் சொன்னது.

ஆகவே நீங்கள் யாரோடு இருந்தீர்கள் என்ற கணக்கு இன்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்த பெயரும் நம்பரும் வேறு விஷயம். போனிலிருந்து செயலியைத் தூக்கிவிட்டால் அவை போய்விடாது. செயலிக்குள் செட்டிங்ஸில் கணக்கை நீக்கும் வசதி உண்டு; முதலில் அதைச் செய்து, பிறகு செயலியைத் தூக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்திருப்பார்கள், நான் உட்பட.

என்னைக் கேட்டால், நீங்கள் அதைவிடக் கவலைப்பட வேண்டியது தடுப்பூசிக்குப் பதிவு செய்த கோவின் விவரம். 2023 ஜூனில், ஒரு போன் நம்பரைக் கொடுத்தால் ஊசி போட்டவரின் பெயர், அடையாள அட்டை எண் வரை எடுத்துக் கொடுக்கும் பாட் (தானாகப் பதில் தரும் நிரல்) ஒன்று டெலிகிராமில் ஓடியது. கோவின் தளம் உடைக்கப்படவில்லை என்றது சுகாதார அமைச்சகம். அது எந்த ஓட்டை வழியாகப் போயிருந்தாலும் ஆதார் எண்ணை மாற்றிக்கொள்ள முடியாது. போன் நம்பரையாவது மாற்றலாம்.

சிங்கப்பூர்க் கதையையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அங்கே உங்களுக்குச் சொந்தம் இல்லாமல் இருக்காது. டேங்க் ரோடு கோயில் தைப்பூசம் பார்த்துவிட்டு வந்தவர்கள் உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். அங்கே 2020 மார்ச் 20-இல் ட்ரேஸ்டுகெதர் என்ற செயலி வந்தது. தொற்றுத் தேட மட்டும்தான் இது என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் சொன்னார். மக்களும் நம்பிப் போட்டார்கள். போன் இல்லாத பெரியவர்கள் கழுத்தில் அதற்கென்று ஒரு சின்ன டோக்கனை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில்தான் தெரிந்தது, குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸும் அந்தத் தரவைக் கேட்டு வாங்கலாம், ஒரு கொலை வழக்கில் கேட்டும் இருக்கிறார்கள் என்று. முன்பு பேசும்போது அந்தச் சட்டத்தைத் தான் யோசிக்கவில்லை என்று பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். பிறகு அவசரமாக, 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று பிப்ரவரியில் சட்டம் கொண்டுவந்தார்கள்.

கொலைகாரனைப் பிடிப்பது நல்ல காரியம்தானே என்பீர்கள். நல்ல காரியம்தான். நம் நகரத்தார் ஊர்களில் குடும்பங்களை எண்ணி ஏட்டில் புள்ளி எழுதுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். கல்யாணமானால் ஒரு புள்ளி. கோயில் வரிக்கும் ஊர்ப் பொதுக்காரியத்துக்கும் அந்தக் கணக்கு. அதே ஏட்டைப் புரட்டி, புதிதாகக் கல்யாணமான வீடாகப் பார்த்து ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்? அவர் விற்பது நல்ல பாலிசியாகவே இருக்கட்டும். அடுத்த தடவை புள்ளி எழுத வருகிறவரிடம் எத்தனை வீட்டில் ஒழுங்காகப் பேசுவார்கள்? எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்கு மேல் ஒரு அடி நகர்ந்தாலும் ஏடு கெட்டுவிடும்.

உங்கள் தம்பி மகனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். இதைக் கண்ணியமாகச் செய்யவும் முடியும். ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2020 மே மாதம் கொண்டுவந்த முறையில், ஒவ்வொரு போனும் ஏறக்குறைய கால்மணிக்கு ஒரு பொய்ப்பெயர் வைத்துக்கொள்ளும். பக்கத்தில் வரும் போன்கள் அந்தப் பொய்ப்பெயரைக் குறித்து இரண்டு வாரம் தன்னிடமே வைத்திருக்கும். ஒருவருக்குத் தொற்று வந்து, அவரே சம்மதித்தால், அவருடைய பொய்ப்பெயர்களைக் கண்டுபிடிக்கும் திறவுகோல் மட்டும் வெளியாகும். மற்ற போன்கள் அதை வாங்கித் தங்கள் குறிப்போடு தாங்களே ஒத்துப் பார்த்து, "உனக்கு ஒரு தொடர்பு இருந்தது" என்று சொந்தக்காரரிடம் மட்டும் சொல்லும். யார், எங்கே என்பது நடுவில் எவருக்கும் தெரியாது. ஜெர்மனியின் செயலி இப்படித்தான் இருந்தது. இங்கிலாந்து-வேல்ஸ் செயலியும் இதேதான். 2020-இன் கடைசி மாதங்களில் அது லட்சக்கணக்கான தொற்றுகளைத் தடுத்திருக்கும் என்று நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நாளைக்கு ஒரு பெருந்தொற்று வந்து நம் அரசு இந்த மாதிரி ஒன்றைக் கொடுத்தால் நானே முதல் ஆளாகப் போடுவேன், உங்களையும் போடச் சொல்வேன்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த வசதியை ஆப்பிளும் கூகுளும் அரசுச் சுகாதாரத் துறைகளுக்கு மட்டும்தான் திறந்துவிட்டன. ஒரு விடுதிக்காகத் தனியாள் எழுதும் செயலிக்குக் கிடைக்காது. அது இல்லாமல் எழுதினால், ஐபோனில் திரையை அணைத்துச் சட்டைப் பையில் போட்டதும் ப்ளூடூத் பாதி நேரம் தூங்கிவிடும். ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் கொண்டுவந்த கோவிட்சேஃப் இதில்தான் தடுமாறியது. 2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவழித்தும், ஆட்கள் விசாரித்துக் கண்டுபிடிக்காத 17 தொடர்புகளைத்தான் அது கூடுதலாகக் காட்டியது. 2022 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். ஒரு நாட்டு அரசாங்கமே பட்ட பாடு இது.

தவிர, ப்ளூடூத் அளப்பது தூரத்தை அல்ல, சிக்னலின் பலத்தை. டப்ளின் நகரில் டிராம் வண்டிக்குள் வைத்துச் சோதித்தவர்களுக்கு, பலத்தைப் பார்த்துத் தூரத்தைச் சொல்லவே முடியவில்லை. உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்புகிறது. மனித உடம்பு பாதியை விழுங்கிவிடுகிறது. உங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சமையற்காரர் போனை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிட்டு, முற்றத்தைச் சுற்றிய வளவில் பந்தி பரிமாறுவார். குனிந்து, இலை இலையாக, "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தவா" என்று முகத்துக்கு நேரே கேட்பார். செயலியைப் பொறுத்தவரை அவர் அடுப்படியை விட்டு அசையவே இல்லை.

சரி, வேலையாட்களைக் கட்டாயப்படுத்தலாமா? 2020 மே 1 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், அரசு, தனியார் ஊழியர் எல்லாரும் ஆரோக்ய சேது போட்டாக வேண்டும், அதற்கு நிறுவனத் தலைவர் பொறுப்பு என்று உத்தரவு போட்டது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் வரைவை எழுதிய குழுவின் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணாவே இதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 17-ஆம் தேதி, முடிந்தவரை போட வையுங்கள் என்று உத்தரவு தளர்ந்துவிட்டது. புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருந்தார்கள். அரசு அதில் கை வைப்பதானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும். அரசுக்கே இவ்வளவு நிபந்தனை என்றால் நாம் எம்மாத்திரம்.

உங்களைப் போன்ற தனியார் நடத்துகிற இடங்களுக்கு 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சம்மதம் தானாக முன்வந்து கொடுத்ததாக, இன்ன காரியத்துக்கு என்று குறிப்பானதாக இருக்க வேண்டும் என்கிறது அது. கொள்ளைநோய்க் காலத்தில் சிகிச்சை, சுகாதாரச் சேவை கொடுப்பதற்காகச் சம்மதம் இல்லாமலும் தரவைக் கையாள இடம் விட்டிருக்கிறது. ஆனால் நோய் வருவதற்கு முன்பே, வந்தால் உதவுமே என்று எல்லாரையும் கண்காணித்து வைப்பது அதில் அடங்கும் என்று நான் நம்பவில்லை. அப்புறம், சம்பளம் கொடுக்கிறவர் எதிரே நின்று கேட்கும்போது வருகிற "சரிங்க ஆச்சி"யைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. உங்கள் ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறார் பாருங்கள், அதுவே உங்களிடம் அவருக்கு இருக்கும் உரிமையைக் காட்டுகிறது.

அப்படியானால் ஒன்றுமே செய்ய வேண்டாமா? வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஊரில் தொற்று இருக்கும் காலத்தில் மட்டும் எழுதுங்கள்: தேதி, எந்த அறை, யார் சுத்தம் செய்தது, யார் பந்தி பரிமாறியது. காய்ச்சல், சளி எதுவும் அதில் ஏற வேண்டாம். நோட்டு உங்கள் மேஜை டிராயரில், சாவி உங்கள் இடுப்பில். இரண்டு வாரம் தாண்டிய பக்கத்தைக் கிழித்து விறகடுப்பில் போடுங்கள். சுகாதார ஆய்வாளர் வந்து கேட்டால் வேண்டிய வரியை எழுதிக் கொடுங்கள். யாரும் போனில் படம் பிடிக்க விடாதீர்கள். ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவர்களிடம், "செவ்வாய்க்கிழமை மத்தியானப் பந்தியில் இருந்த ஒருவருக்குக் காய்ச்சல், நீங்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்றால் போதும். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் அது யார் என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லைதான். ஆனாலும் உங்கள் வாயிலிருந்து அந்தப் பெயர் வர வேண்டாம். காகிதத்தில் இருக்கும் வரை இந்த நோட்டுக்கு மேலே சொன்ன சட்டமும் பொருந்தாது, அது டிஜிட்டல் தரவுக்குத்தான். அதற்காக இல்லை, கசிந்தால் அது உங்கள் தெருவைத் தாண்டாது என்பதற்காகத்தான் காகிதம் என்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். விடுதி நடத்துகிற எல்லார் வீட்டிலும் நான் பார்ப்பது இது. தங்க வருபவர்கள் ஆதார், பாஸ்போர்ட் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அவை முன்பதிவு எடுக்கும் போனின் கேலரியில், பேரன் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே, வருஷக்கணக்காகக் கிடக்கும். அந்தப் போன் யார் யார் கைக்கோ போய் வரும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்கும் படிவத்துக்கு விவரம் தேவை. பதிவேற்றியதும் படத்தை அழிக்கலாம், கூடவே கேலரியின் குப்பைத் தொட்டியிலிருந்தும், தானாக மேலே ஏறும் கூகுள் போட்டோஸிலிருந்தும். உள்நாட்டவரிடம் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கேளுங்கள். தம்பி மகன் அடுத்து ஊருக்கு வரும்போது இந்த வேலையைக் கொடுங்கள். ஒரு மத்தியானம் ஆகும்.

பழைய போனில் ஆரோக்ய சேதுக் கணக்கை நீக்கிய பிறகு, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுவதுமாக ரீசெட் செய்துவிடுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஒன்று மட்டும்: இத்தனை வருஷம் அலமாரியில் கிடந்த போன், சார்ஜில் போடுவதற்கு முன் மேஜையில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். தட்டையாக உட்காராமல் ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது சார்ஜ் போடாமல், காரைக்குடியில் போன் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோய், பேட்டரியை மாற்றி உங்கள் கண் எதிரேயே ரீசெட் செய்து தரச் சொல்லுங்கள்.